விழுந்த மரத்தைத் தொடாதே

என் அண்ணன் ஆல்டன் செத்துப்போனது, தொலைபேசியில் காத்துக்கொண்டிருக்கும்போது. நாற்காலியில் சாய்ந்திருந்தான். மடியில் கைப்பேசி. அதிலிருந்து பியானோ இசை வந்துகொண்டிருந்தது. நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி பியானோவுக்கு வழிவிட்டது. நான் சர்ச்சில் ஐஸ் கட்டி வாங்கப் போயிருந்தேன். புயல் அடித்துப் பதினெட்டு நாளாகியும் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வரவில்லை. அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிப் போனவள், வரிசையில் நின்று ஊர்க்கதை பேசி ஒன்றரை மணி கழித்துத் திரும்பினேன்.

தொட்டுப் பார்த்தேன். கை சில்லென்று இருந்தது. அவன் கைப்பேசியை எடுத்தேன். எடுத்தேனே தவிர அணைக்கவில்லை. இரண்டு மணி பதினான்கு நிமிடம் என்று திரை காட்டியது. அந்த அரசாங்க ஆபீசைப் பிடிக்க அவன் இரண்டு வாரமாகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவ்வளவையும் ஒரு விரலால் அழித்துவிட மனம் வரவில்லை. என் கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு பேருமாகப் பியானோ கேட்டோம்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஆபீஸ் லைனில் வந்துவிட்டது.

"காத்திருந்ததுக்கு நன்றி. மிஸ்டர் ஆல்டன் டில்லரிதானே பேசறது?"

"அவரால பேச முடியாதும்மா. நான் அவர் தங்கச்சி வெர்னா."

"நீங்க அவருக்காகப் பேச அவர் சம்மதிக்கிறாரா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். "மறுப்பு எதுவும் சொல்லல."

அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. புயலில் காடு போன தனியார் நிலக்காரர்களுக்கு, விழுந்த மரத்தை அகற்றவும் புதிதாக நடவும் ஆகும் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கும் திட்டம் அது. ஆல்டனின் மனு ஏற்கப்பட்டுவிட்டது என்றாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதுவரை காட்டில் விழுந்த ஒரு மரத்தையும் தொடக் கூடாது. தொட்டால் ஆய்வுக்கு முன்பே வேலையைத் தொடங்கியதாகக் கருதி மனு ரத்து. மறுபடி மனு போடவும் முடியாது, நாளையோடு கடைசித் தேதி முடிகிறது.

"ஒரே ஒரு பாதைய மட்டும் சுத்தம் பண்ணிக்கலாமா? அண்ணன் உள்ள போகணும்," என்றேன்.

"அவர் தாராளமா உள்ள போகலாம் மேடம். நடந்து போகச் சொல்லுங்க."

என்னென்னவோ வாயில் வந்தது. அவள் முந்திக்கொண்டு, இந்த நாள் இனிய நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள்.

நடந்து போகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆல்டன் போகவேண்டிய இடம் வீட்டுக்குப் பின்னால் கால் மைலில், பைன் காட்டு நடுவில் இருந்தது. எங்கள் குடும்பக் கல்லறை அது. அங்கே அவன் பெண்டாட்டி மெர்லீன் ஒன்பது வருடமாகப் படுத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் தனக்கு விட்டுவைத்த இடத்தை அவன் வருடம் இரண்டு தடவை புல் வெட்டிப் பார்த்துக்கொள்வான். "வெர்னா, என்னை ஊர் மயானத்துல கொண்டுபோய்ப் போட்டுடாதே, அங்க எல்லாரும் மெத்தடிஸ்ட் சபைக்காரங்க," என்பான்.

அவனுக்கு இரண்டு ஆசைதான். ஒன்று மெர்லீன் பக்கத்தில் படுப்பது. இன்னொன்று, விழுந்த எழுபது ஏக்கரிலும் மறுபடி பைன் நிற்பது. அதுவும் சாதாரண பைன் இல்லை, நீள ஊசி பைன். நட்டால் வெட்ட அறுபது வருடம் ஆகும். அவனுக்கு வயது எழுபத்தொன்று. "நூத்தி முப்பத்தொண்ணு வயசுல ரம்பம் பிடிக்கப் போறியா?" என்று பக்கத்து நிலத்து ஜூனியர் பீவி கேலி செய்வான். ஜூனியருக்கும் எழுபது வயது. அவன் அப்பா செத்து நாற்பது வருடமாகியும் ஊர் அவனை ஜூனியர் என்றுதான் கூப்பிடுகிறது. ஆல்டன் சிரித்துவிட்டு நாற்றுப் பண்ணைக்கு முன்பணம் அனுப்பிவைத்தான்.

நிலம் இனி எனக்கு. காடு எனக்கு எதற்கு? எனக்கு முட்டி வலி. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளுக்கு மரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதன் மேல் பஸ்ஸை மோதக் கூடாது என்பதுதான். ஆனால் ஐஸ் கட்டி வரிசையில் நின்று பேசிய ஒன்றரை மணி நேரம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. கடைசி மூச்சில் பக்கத்தில் இல்லாமல் போனேன், அவனுடைய இரண்டு ஆசையையாவது நிறைவேற்றுவேன் என்று சவப்பெட்டி தேர்ந்தெடுக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆல்டன் சட்டத்துக்கு அப்படிப் பயந்தவன். வாசல் கேட்டிலிருந்து கல்லறை வரை பாதையில் விழுந்த மரங்களை எண்ணி வைத்திருந்தான். முப்பத்தொன்று. மரத்தில் நம்பர் ரிப்பன் கட்டினால் தொட்டதாகிவிடுமோ என்று பயந்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு குச்சி நட்டு, குச்சியில் நம்பர் எழுதியிருந்தான். பன்னிரண்டாம் நம்பர் குச்சி மழையில் சாய்ந்து மரத்தின் மேல் விழுந்தபோது, குச்சி தொட்டால் குற்றமா என்று கேட்க ஆபீசுக்குப் போன் போட்டவன் அவன்.

வியாழக்கிழமை வரைக்கும் அடக்கத்தைத் தள்ளிப் போட்டோம். எங்கள் பக்கம் தூரத்துச் சொந்தங்கள் வந்து சேர ஒரு வாரம் காத்திருப்பது வழக்கம்தான், அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் வருவார், மரங்களைப் பார்ப்பார், பிறகு பாதையைத் திறந்து அண்ணனை மரியாதையாக வண்டியில் கொண்டுபோவோம் என்று நினைத்திருந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு ஆபீஸ் பிக்கப் வந்து கேட்டில் நின்றது. இறங்கியவன் கர்ட்டிஸ் வோமாக். வோமாக் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என் பஸ்ஸில் வந்தவன். எனக்கு நேர் பின் சீட்டு. பின்னால் யார் யார் சூயிங்கம் ஒட்டினார்கள், யார் ஜன்னலில் கை நீட்டினார்கள் என்று பெயர் பெயராக எழுதி, இறங்கும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போவான். இப்போது நாற்பத்து நான்கு வயது, தலையில் பாதி முடி இல்லை, கையில் அதே மாதிரி ஒரு அட்டையும் பேனாவும்.

"மிஸ் வெர்னா, கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. ஆல்டன் சார் நல்ல மனுஷன்."

"வருத்தம் இருக்கட்டும். உள்ள வா, மரத்தைப் பாரு."

அவன் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தான். "வண்டி போகாதே."

"நடந்து வா."

"நடக்கக் கூடாது மிஸ் வெர்னா. ஒடிஞ்ச கிளை மேல தொங்குற காட்டுக்குள்ள ஆபீஸ் ஆளுங்க ஆய்வுக்காக நடந்து போகக் கூடாதுன்னு சர்க்குலர்."

"பின்ன எப்படி வருவே?"

"பாதைய நீங்க சுத்தம் பண்ணி வெச்சீங்கன்னா வண்டியிலயே வந்துடுவேன்."

"சுத்தம் பண்ணா?"

"மரத்தைத் தொட்டதா ஆயிடும். மனு ரத்து."

தான் சொன்னதை அவன் தானே ஒரு தடவை கேட்டுப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் அட்டையைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கர்ட்டிஸ், இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"வழி இல்லைன்னு எழுதிட்டு அடுத்த தேதி தரேன். நவம்பர் இருபத்தெட்டு."

"அன்னிக்கு மட்டும் மரமெல்லாம் எழுந்து ஓரமா நிக்குமா?"

"அது எனக்குத் தெரியாது. தேதி மட்டும்தான் என் கையில இருக்கு."

மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் காலத்தில் அவனைக் காட்டுவழியில் இறக்கிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகளைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாதுதான், நினைத்தேன்.

மதியம் சவ அடக்க நிலையம் நடத்தும் லோவெட் வந்தார். ஜெனரேட்டரில் ஓடுகிறது அவர் குளிர் அறை, புயலுக்குப் பிறகு அதில் இடமும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "மிஸ் வெர்னா, ஆல்டன் இருபத்தெட்டு வரைக்கும் தாங்கமாட்டார்," என்றார். அவர் தொழிலில் இருபத்தைந்து வருடமாக இருப்பவர், அதற்கு மேல் விளக்கம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை அடக்கம் என்று அன்றே முடிவு செய்தேன். பெட்டியை ஆறு பேர் தூக்கி, முப்பத்தொரு மரத்தையும் ஏறித் தாண்டிக் கொண்டுபோவது. ஒரு மரத்தையும் தொடாமல்.

"ஏறினா தொட்டதாகாதா?" என்றான் ஜூனியர்.

நியாயமான கேள்வி. ஆபீசுக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிடம் பியானோ. இந்தத் தடவை ஒரு ஆண் குரல். மேலதிகாரியைக் கேட்டு வந்து சொன்னார்: ஏறலாம், இறங்கலாம், கால் படுவது வேலை ஆகாது. உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் தவிர்ப்பது நல்லது. பெட்டி மரத்தில் உரசி பட்டை உரிந்தால்? "என்ன பெட்டி மேடம்?" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

குழி தோண்டுவது அடுத்த சிக்கல். மெர்லீனின் தம்பி மகன்கள் இரண்டு பேரும் ஜூனியரும் வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டியோடு போனார்கள். மதியம் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். முப்பத்தொன்றாம் நம்பர் மரம், அந்தக் காட்டிலேயே பெரிய பைன், சரியாக ஆல்டனின் இடத்துக்கு மேலே குறுக்காகக் கிடக்கிறதாம். மெர்லீனின் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆல்டனுடைய ஆறடி மட்டும் மரத்துக்கு அடியில்.

"நாலடி தள்ளித் தோண்டலாம்," என்றான் மகன்களில் மூத்தவன்.

"நாலடி தள்ளி உங்க பாட்டி, ஆல்டனோட மாமியார், படுத்திருக்கா," என்றேன். "அவங்க ரெண்டு பேருக்கும் உயிரோட இருந்தப்பவே ஆகாது."

கடைசியில் மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து சரிவாகத் தோண்டி, அடியில் குடைந்தார்கள். பெட்டியை மேலிருந்து இறக்க வழியில்லை, பக்கவாட்டில் தள்ளவேண்டும். ரொட்டி அடுப்புக்குள் தட்டைத் தள்ளுகிற மாதிரி. கிறிஸ்தவ முறைப்படி இது சரியா என்று எங்கள் பாப்டிஸ்ட் போதகர் பிரதர் ஹார்லனைக் கேட்டேன். குகைக்குள்ளே வைத்த உதாரணம் வேதத்திலேயே இருக்கிறது, கவலைப்படாதே என்றார்.

சனிக்கிழமை சர்ச்சில் ஆராதனை நன்றாக நடந்தது. பொரித்த கோழி, பட்டர் பீன்ஸ், சீஸ் போட்ட மக்ரோனி என்று மேசை நிறைந்திருந்தது. பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பெண்கள் பேர் எழுதி டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போகும்போதுதான் ஜூனியர் சர்ச் படியில் இறங்கும்போது கால் மடிந்து உட்கார்ந்துவிட்டான். முட்டி வீங்கிவிட்டது. பெட்டி தூக்க ஆறு பேரில் ஒருவன் குறைந்தான். மீதியிருந்த ஆண்களில் ஒருவருக்கு இதய அறுவை, ஒருவருக்குத் தோள் எலும்பில் இரும்புத் தகடு, லோவெட்டுக்கு வயது எழுபத்தெட்டு.

பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். முன்னால் பெட்டி வண்டி, பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு பதினோரு கார்கள். எங்கள் ஊரில் சவ ஊர்வலம் வந்தால் எதிரில் வரும் வண்டி ஓரம் கட்டி நின்றுவிடும். அவசரமாக மாமியார் வீட்டுக்குப் போகிறவனும் நிற்பான், கோர்ட்டுக்குப் போகிறவனும் நிற்பான். கடைசிக் கார் போகும்வரை நகரமாட்டான். இறங்கித் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆல்டனின் கேட்டை நெருங்கும்போது எதிரே வந்த ஒரு பிக்கப் அப்படித்தான் ஓரம் கட்டியது. ஒருவன் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து நின்றான்.

வோமாக். புயலுக்குப் பிறகு ஆபீசுக்குச் சனிக்கிழமையும் வேலை. வேறு யாருடைய காட்டையோ பார்க்கப் போய்க்கொண்டிருந்தவன்.

நாங்கள் அவனைக் கடந்து போய்விடுவோம், கடைசிக் கார் தாண்டியதும் வண்டியை எடுக்கலாம் என்று நினைத்திருப்பான் பாவம். நாங்கள் போகவில்லை. அங்கேயேதான் நின்றோம், அதுதான் கேட். நான் காரிலிருந்து இறங்கினேன்.

"கர்ட்டிஸ், தொப்பிய வண்டியில வெச்சிட்டு இங்க வா."

"மிஸ் வெர்னா, நான் டியூட்டில..."

"பெட்டியில ஒரு கைப்பிடி காலியா இருக்கு."

அவன் பெட்டியைப் பார்த்தான். எங்கள் பக்கம் பிணம் தூக்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் கண்டதில்லை. வேலித் தகராறில் முப்பது வருடம் பேசாமல் இருந்தவனும் வந்து தோள் கொடுப்பான், கொடுத்துவிட்டு மறுநாளிலிருந்து மறுபடி பேசாமல் இருப்பான். ஆய்வுக்காக நடக்கக் கூடாது என்றுதான் அவன் சர்க்குலரில் இருந்தது. பிணம் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றி அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. வோமாக் தொப்பியை வண்டியில் வைத்துவிட்டு, ஆரஞ்சுச் சட்டையோடும் இடுப்பில் தொங்கும் அளவு நாடாவோடும் வந்து இடது பக்கம் பின் கைப்பிடியைப் பிடித்தான்.

முதல் மரம். மூன்று பேர் ஏறினார்கள், மூன்று பேர் தூக்கிக் கொடுத்தார்கள், பெட்டி மரத்தில் படாமல் மறுபக்கம் போனது. பிரதர் ஹார்லன் முன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டு தானும் ஒரு மரம் ஏறி இறங்கினார். இரண்டு, மூன்று, நான்கு. ஆண்கள் கோட்டெல்லாம் பிசின். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது மரத்தில் எனக்கு ஒரு குரல் கேட்டது.

"பதினாலு இஞ்ச்."

ஹார்லன் ஜெபத்தை நிறுத்தித் திரும்பினார். "என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல பிரதர். வாய் தவறி வந்துடுச்சு."

ஆறாவது மரத்தை ஏறும்போது, "பதினாறரை. வேரோட சாஞ்சது," என்று முணுமுணுத்தான். அவனை அறியாமல் வருகிறது. பதினெட்டு வருடமாக மரத்தைப் பார்த்தால் குறுக்களவு சொல்லும் வாய், பெட்டி தூக்கியிருக்கிறோம் என்பதற்காக எப்படி மூடிக்கொள்ளும்? நான் மெல்ல ஊர்வலத்தின் கடைசிக்குப் போனேன். ஜூனியர் அங்கே கழியை ஊன்றி, ஒவ்வொரு மரத்தையும் கெட்ட வார்த்தையோடு கடந்துகொண்டிருந்தான்.

"ஜூனியர், பேனா வெச்சிருக்கியா?"

"இருக்கு. எதுக்கு?"

"அவன் சொல்றதை எல்லாம் எழுது."

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளைத் திருப்பி, ஆல்டன் படத்துக்குப் பின்பக்கம் எழுதத் தொடங்கினான். முன்னால் ஜெபம், நடுவில் இஞ்ச், கடைசியில் ஜூனியரின் பேனா. பதினேழாவது மரத்தில் வோமாக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரும்பி எங்களைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"பத்தொன்பது," என்றான், இந்தத் தடவை ஜூனியருக்குக் கேட்கும்படி. "நடுவுல முறிஞ்சது. முறிஞ்சதுன்னு தனியா எழுதுங்க சார், அதுக்கு வேற பத்தி."

கல்லறைக்கு வந்து சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. பெட்டியைக் குழியின் சரிவில் வைத்து, மரத்தின் அடியில் மெதுவாகத் தள்ளினார்கள். பாதி போனது. அப்புறம் நின்றது. மரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு முடிச்சு, முஷ்டி அளவு, பெட்டி மூடியின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இழுத்துத் தள்ளினார்கள், சாய்த்துத் தள்ளினார்கள். அசையவில்லை. அடியில் பாறை, மேலும் தோண்டவும் முடியாது.

மெர்லீனின் தம்பி மகன் மண்வெட்டியை எடுத்தான். "ஒரே போடு அத்தை, முடிச்சு போயிடும்."

"தொடாதே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அண்ணன் பாதி உள்ளே, பாதி வெளியே கிடக்கிறான். நான் மரத்துக்குப் பயந்து நிற்கிறேன். அவன் பெண்டாட்டி பக்கத்தில் போய்ச் சேரக் குறுக்கே நிற்பது ஒரு முடிச்சு. அதைத் தட்டினால் அவன் காடு போச்சு. அந்த நிமிடம் அரசாங்கத்தையும் புயலையும் என்னையும் ஒருசேர வெறுத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வோமாக் இடுப்பிலிருந்து நாடாவை எடுத்தான். குழிக்குள் இறங்கி, பெட்டியின் மேல் குனிந்து, மரத்தைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்தான். சுற்றிப் பிடித்தால் குறுக்களவையே காட்டும் நாடா அது. "இருபத்தாறு," என்றான். எழுந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீவினான்.

"நான் ஆய்வுக்காக நடந்து வரல. தூக்கிட்டு வந்தேன். வந்த இடத்துல கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல. மிஸ் வெர்னா, கேட்கவா?"

"கேளு."

"சேதத்துக்குக் காரணம். காத்து." எழுதினான். "ஆய்வுக்கு முன்னாடி மரத்தை அகற்றும் வேலை தொடங்கப்பட்டதா?" வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். முப்பது பேர் பிசினும் கீறலுமாக நின்றுகொண்டிருந்தோம். "இல்லை," என்று எழுதினான். "நடவுக்காக மண் தோண்டப்பட்டதா?"

எல்லாரும் குழியைப் பார்த்தோம்.

"நடவுக்கு இல்ல," என்றார் ஹார்லன்.

"அப்போ இல்லை." மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். அங்கே அவன் பேனா நின்றது. காது சிவந்தது.

"என்ன?" என்றேன்.

"ஆய்வின்போது நில உரிமையாளர் நிலத்தில் இருந்தாரா," என்று வாசித்தான். "இல்லைன்னு எழுதினா ஃபைலை மூடிடுவாங்க. வாரிசு புது மனு போடணும்."

"புது மனுவுக்குத் தேதி?"

"முடிஞ்சு போச்சு."

காட்டில் எங்கோ ஒரு தொங்கும் கிளை கிறீச்சென்றது. ஜூனியர் கழியால் பெட்டியைச் சுட்டிக் காட்டினான். "இதென்ன கேள்வி? இருக்கானே. பாதி வெளியதான் இருக்கான்."

வோமாக் பொய் எழுதுகிறவன் இல்லை. அதுதான் அவனிடம் இருந்த தொல்லையே. அவன் பிரதர் ஹார்லனைப் பார்த்தான். "பிரதர், நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைய எழுதறேன். இருக்காரா?"

உடம்பு வெறும் கூடாரம், ஆத்துமா அன்றே கிளம்பிவிடுகிறது, பெட்டிக்குள்ளே யாரும் இல்லை என்று இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு அடக்கத்திலும் பிரசங்கம் செய்தவர் ஹார்லன். அன்று காலையிலும் அதைத்தான் சொன்னார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை கேட்டா வேற சொல்வேன்," என்றார். "இன்னிக்கு இருக்கார். எழுதிக்கோ தம்பி."

வோமாக் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டான். அழுத்திப் போட்டான், அடுத்த தாள் வரைக்கும் பதிந்திருக்கும். அப்புறம் மண்வெட்டி வைத்திருந்தவனைப் பார்த்துத் தலையசைத்தான். "இப்ப தொடலாம்."

ஒரே போடுதான். முடிச்சு தெறித்தது. ஆறு பேரும் சேர்ந்து தள்ள, ஆல்டன் மரத்தின் அடியில் வழுக்கிக்கொண்டு போய் மெர்லீன் பக்கத்தில் நின்றான். மண் போட்டோம். ஹார்லன் ஜெபம் சொல்லி முடித்தார். ஆண்கள் முதல் தடவையாக அந்த மரத்தின் மேல் உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

கிளம்பும் நேரத்தில் வோமாக் என் பக்கத்தில் வந்து நின்றான். படிவத்தை நீட்டினான்.

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு மிஸ் வெர்னா. எல்லார் முன்னாடியும் கேட்க வேணாம்னு விட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். உரிமையாளருடன் இருந்தவர் பெயர் என்று இருந்தது, பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

பேனாவை வாங்கினேன். முதல் எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. வோமாக் தாளுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டான். பதினொரு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, நான் துடைத்துக்கொள்ளவில்லை. வெர்னா டில்லரி என்று முழுப் பெயரையும் அந்தக் கட்டத்துக்குள் எழுதினேன். கீழே சின்ன எழுத்தில் உறவு என்று கேட்டிருந்தார்கள். தங்கச்சி என்று எழுதினேன்.